பொம்தாமூரில் இலைச்சுருளும் பச்சை வாடலும்: செல்லுக்குள் இருப்பது எது, வெளியே இருப்பது எது?

மொரீஷியஸின் ஃப்ளாக் பக்கம் அரை ஆர்ப்பான் (ஏறக்குறைய அரை ஏக்கர்) நிலத்தில் பொம்தாமூர், அதாவது தக்காளி, போட்டிருப்பவர் கேட்ட கேள்வி இது. பாதிச் செடிகளில் குருத்திலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருண்டு நிற்கிறது. பூ பிடிக்காமல் கொட்டுகிறது. தாழ்வான மூலையில் ஏழெட்டுச் செடிகள் முந்தின நாள் வரை நன்றாக இருந்துவிட்டு, மறுநாள் மத்தியானம் பச்சையாகவே தொங்கிப்போயின. கடையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு செப்பு மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசின் பொடியும் கொடுத்தார்கள். அடித்தும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் கரும்பில் இலை நெடுக வெள்ளைக் கோடு ஓடுகிறது. அதிலிருந்துதான் வந்திருக்குமா? வைரஸ் என்கிறார்கள், பாக்டீரியா என்கிறார்கள், அவை செடிக்குள் என்னதான் செய்கின்றன?

முதலில் நேரான பதில். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். சுருட்டை, தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸின் வேலை. அதை வெள்ளை ஈ கொண்டுவருகிறது. பச்சை வாடல், ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவின் வேலை. அது மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது. கரும்பின் வெள்ளைக் கோடு மூன்றாவது கிருமி. அது உங்கள் பொம்தாமூருக்கு வராது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: கிருமி செடியின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? வைரஸ், உயிருள்ள செல்லுக்குள் இருக்கிறது. வாடல் பாக்டீரியா உயிருள்ள எந்தச் செல்லுக்குள்ளும் நுழைவதில்லை. செல்களுக்கு வெளியே, தண்ணீர் ஏறும் குழாயில் இருக்கிறது. எந்த மருந்து ஏன் தோற்கிறது, கத்தியைக் கழுவ வேண்டுமா வேண்டாமா, வலை கட்டுவதா ஒட்டுச்செடி நடுவதா என்று நீங்கள் எடுக்க வேண்டிய முடிவெல்லாம் இந்த இட வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது.

சுருட்டையிலிருந்து தொடங்குகிறேன். இந்த வைரஸ் ஜெமினி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்த வடிவம். அகலம் சுமார் 20 நானோமீட்டர், நீளம் 30. மேலுறை முழுவதும் ஒரே புரதத்தின் 110 பிரதிகளால் ஆனது. உள்ளே ஒற்றை இழை டிஎன்ஏ ஒன்று வளையமாக இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 2,800 எழுத்துகள். நெடுங்காலமாக அறியப்பட்ட மரபணுக்கள் ஆறே ஆறு. ஒரு தக்காளிச் செல்லிலோ முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. இவ்வளவு குறைந்த சரக்கோடு வருவதால் வைரஸ் எதையும் தானாகச் செய்ய முடியாது. டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் நொதிகூட அதனிடம் இல்லை. செடியின் நொதியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும்.

வெள்ளை ஈ தன் ஊசிவாயை இலையின் அடிப்பக்கமாகச் செருகி, சர்க்கரை ஓடும் புளோயம் குழாயைத் தேடிக் குத்துகிறது. அதன் உமிழ்நீரோடு வைரஸ் புளோயத்தை ஒட்டிய துணைச் செல்களில் இறங்குகிறது. மேலுறைப் புரதத்தில் உட்கருவுக்குச் செல்வதற்கான அடையாளப் பகுதி இருக்கிறது. அதைப் பார்த்து, செல்லின் சொந்தப் போக்குவரத்துப் புரதங்களே வைரஸ் டிஎன்ஏவை உட்கருவுக்குள் கொண்டுபோய்விடுகின்றன. அங்கே ஒற்றை இழை முதலில் இரட்டை இழையாகிறது. அது செடியின் ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொள்ள, பார்வைக்கு ஒரு குட்டிக் குரோமோசோமாகவே ஆகிவிடுகிறது. பிறகு செடியின் ஆர்என்ஏ பாலிமரேஸ் அதைப் படிக்கத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் வைரஸுக்கு ஒரு சிக்கல் வருகிறது. வளர்ந்து முடிந்த துணைச் செல் பிரிவதை நிறுத்திவிட்ட செல். டிஎன்ஏ பிரதி எடுக்கும் நொதிகள் அதில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வைரஸ் முதலில் உண்டாக்கும் புரதங்களில் ஒன்றான ரெப் இதற்காகவே இருக்கிறது. செல் பிரிவைத் தடுத்து நிறுத்தும் ரெட்டினோபிளாஸ்டோமா வகைப் புரதத்தை ரெப் பிடித்துக்கொள்கிறது. தடை விலகியதும், தூங்கிக் கிடந்த செல் டிஎன்ஏ தயாரிக்கும் கட்டத்துக்குத் திரும்புகிறது. அதன்பின் அதே ரெப், வைரஸ் வளையத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தை வெட்டிவிட, உருளும் வளையம் எனப்படும் முறையில் பிரதிக்கு மேல் பிரதி உருவாகிறது. மனிதப் புற்றுநோய் ஆய்வில் கண்டறியப்பட்ட ஒரு புரதத்தின் தாவர வடிவத்தை ஆறு மரபணு வைரஸ் ஒன்று இவ்வளவு குறிபார்த்துப் பிடிப்பது செல் உயிரியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பேன். உங்கள் செடியில் குருத்திலை கோணலாக வளர்வதும் செல்லின் இந்த ஒழுங்கு குலைவதும் வேறு வேறல்ல. வைரஸின் சி4 என்ற சிறு புரதம் மட்டும் தனியாக ஒரு செடியில் உற்பத்தியானாலே இலைகள் உருமாறிச் சுருள்கின்றன.

செடி இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வைரஸ் பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செடியின் டைசர் நொதிகள் 21, 22, 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகின்றன. அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்து ஆர்கோநாட் புரதங்கள் வைரஸின் ஆர்என்ஏவைத் தேடி வெட்டுகின்றன. 24 எழுத்துத் துண்டுகள் வைரஸ் டிஎன்ஏவின் மீது மெத்தில் என்ற வேதி முத்திரை வைத்து அதை வாயடைக்கின்றன. செடிகளில் இந்தச் சிறு ஆர்என்ஏக்களை 1999-இல் ஹாமில்டனும் பால்கோமும் காட்டினார்கள். வைரஸும் பதிலுக்கு வி2, சி2, சி4 புரதங்களால் இந்தத் தற்காப்பைப் பல கட்டங்களில் தடுக்கிறது. கடையில் ‘டிஒய் ரகம்’ என்று கேட்டிருப்பீர்கள். அந்த எதிர்ப்புச் சக்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது. காட்டுத் தக்காளி இனமான சோலானம் சிலென்சேயிலிருந்து வந்த டிஒய்-1 மரபணு, ஆர்என்ஏவிலிருந்து ஆர்என்ஏ எடுக்கும் ஒரு நொதிக்கானது. அது வைரஸ் டிஎன்ஏவின் மீது விழும் மெத்தில் முத்திரையைக் கூட்டுகிறது. ஆகவே டிஒய்-1 செடிக்குள் வைரஸ் நுழையாது என்று எண்ண வேண்டாம். நுழையும், குறைவாகப் பெருகும், நோய்க்குறி லேசாக இருக்கும் அல்லது தெரியாது. அந்தச் செடியிலிருந்து வெள்ளை ஈ வைரஸை எடுத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. எதிர்ப்பு ரகத்தையும் சாதா ரகத்தையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு வைரஸ் எப்படிப் போகிறது? தாவரச் செல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைத் துளைத்து, பிளாஸ்மோடெஸ்மாட்டா எனப்படும் நுண் கால்வாய்கள் செல்லுக்குச் செல் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 50 நானோமீட்டர் அகலம்தான். அதன் நடுவிலும் எண்டோபிளாச வலையின் குழாய் ஒன்று ஓடுவதால் மிஞ்சும் இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. சர்க்கரை, அமினோ அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் தாராளமாகப் போகும். வைரஸின் முழு உருவம் அதில் நுழையாது. அதனால் பெரும்பாலான தாவர வைரஸ்கள் நகர்வுப் புரதம் ஒன்றைத் தயாரித்து, கால்வாயின் வாயை அகலப்படுத்திக்கொண்டு, மேலுறை இல்லாமல் மரபுப்பொருளும் புரதமும் சேர்ந்த கட்டாக நழுவிப் போகின்றன. செடி கேலோஸ் என்ற பொருளைக் கால்வாயின் கழுத்தில் படியவைத்து வழியை அடைக்கப் பார்க்கும். சில வைரஸ்கள் அதைக் கரைக்கும் நொதியை அங்கே வரவழைத்துக்கொள்ளும்.

உங்கள் இலைச்சுருள் வைரஸ் புளோயத்தை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. இது நடைமுறையில் பெரிய விஷயம். இலையைக் கசக்கிய சாறு கையில் பட்டு அடுத்த செடியைத் தொட்டால் இந்த நோய் பரவாது. கவாத்துக் கத்தியாலும் பரவாது. வெள்ளை ஈ வேண்டும், அல்லது நோயுள்ள தண்டை ஒட்டுக் கட்ட வேண்டும். இதற்கு நேர் எதிர், மிளகாயிலும் தக்காளியிலும் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத் திட்டாக வரும் மொசைக். புகையிலை மொசைக் வைரஸும் அதன் உறவான தக்காளி மொசைக் வைரஸும் இலையின் மேல்தோல் செல் வரை எல்லா இடத்திலும் நிறைந்திருக்கும். 300 நானோமீட்டர் நீளக் குச்சி, 2,130 புரதப் பிரதிகள் சுருளாக அடுக்கிய உறுதியான உடல். காய்ந்த சாற்றில் வருடக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். அதற்குக் கை, துணி, கட்டும் கயிறு எல்லாமே வாகனம். அந்த நோய் இருந்தால் கொழுப்பு நீக்கிய பால்பொடியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கரைத்து, செடி தொடுமுன் கையையும் கத்தியையும் நனைத்துக்கொள்வது பயன் தரும். பால் புரதம் வைரஸ் துகளை மூடிக்கொள்கிறது. விதையின் மேலோட்டில் ஒட்டியிருப்பதைப் போக்க 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். இலைச்சுருளுக்கு இவை எதுவும் தேவையில்லை. அந்த நேரத்தை வெள்ளை ஈயின் மீது செலவழிப்பதே சரி.

வெள்ளை ஈயைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்கிறேன். நோயுள்ள செடியில் கால் மணி முதல் அரை மணி நேரம் சாறு உறிஞ்சினால் போதும், வைரஸ் அதற்குள் போய்விடும். குடல் சுவரைக் கடந்து, இரத்தத்தில் மிதந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய 8 மணி நேரமாவது ஆகும். அதன்பின் வாரக்கணக்கில் அது போகும் செடிக்கெல்லாம் வைரஸைக் கொடுக்கும். புதுச் செடியில் கொடுக்கவும் கால் மணி, அரை மணி போதும். பூச்சிமருந்து குடித்த செடியில் ஈ உட்கார்ந்து சாவதற்குள் வைரஸ் இறங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பறந்து வரும் ஈயால் வரும் நோயை மருந்தால் மட்டும் நிறுத்த முடியாமல் போவது இந்த நிமிடக் கணக்கினால்தான். மருந்து உதவுவது, உங்கள் வயலுக்குள்ளேயே ஈ பெருகுவதைக் குறைப்பதற்கு. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம்கூட ஆகாது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சில தலைமுறைகளிலேயே அதற்கு மசியாத ஈக்கள் மிஞ்சும்.

ஆகவே காக்க வேண்டியது நாற்றையும், நட்ட முதல் ஐந்தாறு வாரத்தையும். அந்த வயதில் வைரஸ் ஏறினால் அந்தச் செடியில் காயை மறந்துவிட வேண்டியதுதான்; காய் பிடித்தபின் ஏறினால் இழப்பு மிகக் குறைவு. நாற்றங்காலை 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலையால், அடியில் மண் போட்டு மூடி, இடைவெளி இல்லாமல் கட்டுங்கள். சாதாரணக் கொசுவலையின் கண் பெரிது, ஈ நுழைந்துவிடும். வலை கட்டிய இடத்தில் வெப்பம் ஏறும்; கடற்கரைப் பக்கத்து நவம்பர், டிசம்பர் வெயிலில் நாற்று நெட்டையாகிவிடாமல் உயரமாகக் கட்டுங்கள், இரட்டைக் கதவு வையுங்கள். சுருண்ட செடியைப் பிடுங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: அப்படியே அசைத்துப் பிடுங்கினால் அடியிலையில் இருந்த ஈ எல்லாம் எழும்பி நல்ல செடிக்குப் போகும். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது, முதலில் பிளாஸ்டிக் பையைச் செடியின் மேல் கவிழ்த்து, கழுத்தில் கட்டி, அதன்பின் வெட்டுங்கள். வரப்பில் தானாக முளைத்த பொம்தாமூர், ஊமத்தை, நாம் கறிக்குப் பறிக்கும் ப்ரேட் மார்த்தேன் என்ற மணத்தக்காளி இவையெல்லாம் இந்த வைரஸைத் தாங்கி நிற்கும் செடிகள். கீரைக்காக மணத்தக்காளி வேண்டுமென்றால் பொம்தாமூர் வயலைவிட்டு எட்ட வையுங்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனில் இந்த வைரஸ் 1997-இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு இங்கேயும் வந்துவிட்டது. இனி இது போகப்போவதில்லை, இதோடு பயிர் செய்யப் பழக வேண்டும்.

இனி பச்சை வாடல். வாடிய செடியை வைத்து இப்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. தண்டின் அடிப்பகுதியில், மண்ணுக்குச் சற்று மேலே, ஒரு விரல் நீளத்துக்குக் குறுக்கே வெட்டுங்கள். சுத்தமான கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, தண்டின் வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் தொடும்படி ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிடுங்கள். கிளாஸை அசைக்காதீர்கள், பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்மையான மெல்லிய நூல்கள் நேராகக் கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா. அந்த நூல் முழுக்கப் பாக்டீரியாவும் அதன் பிசினும். வாடி முற்றிய தண்டின் ஒவ்வொரு கிராமிலும் கோடிக்கணக்கில் இருக்கும். ஃபுசேரியம் பூஞ்சை வாடலிலும் தண்டின் உள்ளே பழுப்புக் கோடு தெரியும், ஆனால் நூல் இறங்காது. அதில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, பெரும்பாலும் ஒரு பக்கமாக, மெதுவாக வாடும். காய்ந்து பல நாளான தண்டில் சோதனை செய்தால் ஒன்றும் தெரியாது. வாடத் தொடங்கிய அன்றே செய்யுங்கள்.

இந்தப் பாக்டீரியாவை 1896-இல் எர்வின் ஸ்மித் விவரித்தார். 50-க்கு மேற்பட்ட குடும்பங்களில் 200-க்கு மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும். வேரிலிருந்து கசியும் பொருட்களை மோந்து மண்ணின் ஈரத்தில் நீந்தி வருகிறது. பக்க வேர் வெடித்து வெளிவரும் இடம், நூற்புழு கடித்த புண், களைக்கொத்து பட்ட காயம் இவைதான் வாசல். உள்ளே நுழைந்ததும் புறணிச் செல்களுக்கு இடைப்பட்ட இடைவெளியில் பரவி, தண்ணீர் ஏறும் சைலம் குழாயை அடைகிறது. சைலம் குழாய் செத்த செல்களால் ஆனது. உட்கரு கிடையாது, சைட்டோபிளாசம் கிடையாது; சுவர் மட்டும் மிஞ்சிய வெற்றுக் குழாய். பெருகுவதற்கு உயிருள்ள செல் தேவைப்படாத ஒரு கிருமிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ரால்ஸ்டோனியா ஒரு மாதிரி நடந்துகொள்கிறது, நிறைந்தபின் வேறு மாதிரி. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறு கொழுப்பு அமில எஸ்டரை வெளியே விடுகிறது. கூட்டம் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடியைத் தாண்டும்போது அந்தச் சமிக்ஞை அளவு கடந்து, பிஎச்சிஏ என்ற கட்டுப்பாட்டுப் புரதம் விழித்துக்கொள்கிறது. நீந்துவது குறைகிறது, சுவரைச் செரிக்கும் நொதியும் கெட்டியான சர்க்கரைப் பிசினும் பெருமளவில் வெளிவரத் தொடங்குகின்றன. பிசின் குழாயை அடைக்க, தண்ணீர் மேலே ஏறாமல் போகிறது. இலை மஞ்சளாவதற்குக்கூட நேரமில்லாமல் பச்சையாகவே தொங்குவது இதனால்தான். வெள்ளிக்கிழமை நன்றாக இருந்த செடி சனிக்கிழமை விழுந்தது என்பது தோற்றம். பாக்டீரியா அதற்கு முன்பே பல நாள் உள்ளே இருந்திருக்கிறது.

வெளியே இருந்துகொண்டு உயிருள்ள செல்லை எப்படி அடக்குகிறது? அதற்குத்தான் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்ற கருவி. பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளையும் ஊடுருவி, வெளியே சில நானோமீட்டர் தடிமனில், ஆனால் மைக்ரோமீட்டர் கணக்கில் நீண்ட வெற்றுக் குழல் ஒன்று வளர்கிறது. விலங்குகளைத் தாக்கும் பாக்டீரியாக்களில் இந்தக் குழல் குட்டையாக இருக்கும். தாவரத்தில் செல் சுவரைத் தாண்ட வேண்டியிருப்பதால் நீளம். அதன் வழியே புரதங்களை மடிப்பு அவிழ்த்து நேராகச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. 2002-இல் மரபுத்தொகுதி வெளியான ஜிஎம்ஐ1000 என்ற ரால்ஸ்டோனியா வகையிடம் மட்டும் இப்படிப்பட்ட செலுத்துப் புரதங்கள் சுமார் 70 உண்டு. அவற்றில் பாப்பி2 என்பது உட்கருவரை போய், தற்காப்பு மரபணுக்களை இயக்கும் டபிள்யூஆர்கேஒய் புரதங்களின் மீது அசிட்டைல் குழுவை ஒட்டிவிடுகிறது. அதன்பின் அவை டிஎன்ஏவைப் பிடிக்க முடியாது.

செடியின் வெளிச் சவ்வில் காவல் புரதங்கள் இருக்கின்றன. பாக்டீரியாவின் வால் புரதத்தில் 22 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை எஃப்எல்எஸ்2 என்ற காவல் புரதம் அடையாளம் கண்டு, கால்சியத்தையும் ஆக்சிஜன் வினைப்பொருட்களையும் கிளப்பி எச்சரிக்கை கொடுக்கும். ரால்ஸ்டோனியாவின் வாலில் அந்தத் துண்டு மாறியிருப்பதால் தக்காளியின் எஃப்எல்எஸ்2 அதைக் காண்பதில்லை. கடுகுக் குடும்பச் செடிகளில் இஎஃப்ஆர் என்ற வேறொரு காவல் புரதம் உண்டு. தக்காளியில் அது இல்லை. 2010-இல் அந்த மரபணுவைத் தக்காளிக்கு மாற்றியபோது ரால்ஸ்டோனியாவைத் தாங்கும் திறன் தெளிவாகக் கூடியது. மரபணு மாற்றிய செடி என்பதால் நம் கைக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் பாக்டீரியாவின் வெற்றியில் பாதி, கண்ணில் படாமல் நுழைவதுதான் என்பதை அது காட்டிவிட்டது.

இப்போது கடையில் கொடுத்த மருந்துகளுக்கு வருவோம். செப்பு மருந்து இலையின் மேலே படிந்து, அங்கே இருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும். இலைப்புள்ளி நோய்க்கு, எலுமிச்சையின் கேன்கர் நோய்க்கு அது அர்த்தமுள்ள மருந்து. சைலத்துக்குள் இருக்கும் ரால்ஸ்டோனியாவை அது தொடவே தொடாது. ஸ்ட்ரெப்டோமைசின், புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பாக்டீரியாவில் தடுக்கும் பொருள். வைரஸுக்கு ரைபோசோமே கிடையாது; செடியின் ரைபோசோமைத்தான் அது பயன்படுத்துகிறது. ஆகவே சுருட்டைக்கு அது வெறும் தண்ணீர்தான். வாடலுக்கோ, தெளித்த மருந்து வேர்ப் பக்கத்துச் சைலத்தில் தேவையான அளவு சேராது. மண்ணில் ஊற்றினால் களிமண் பிடித்துக்கொள்ளும். அளவைக் கூட்டினால் இலை வெளுத்துப்போகும். பச்சையம் இருக்கும் உறுப்பான செடியின் பசுங்கணிகம் ஆதியில் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது, அதன் ரைபோசோம் இன்றும் பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து அதையும் பிடித்துவிடுகிறது. மனிதருக்கான ஆன்டிபயாட்டிக்கை வயலில் கொட்டி, அதற்கு மசியாத கிருமிகளை வளர்த்துவிடும் ஆபத்து வேறு. அந்தப் பொடியைத் திரும்ப வாங்காதீர்கள்.

கரும்பின் வெள்ளைக் கோடும் இந்தப் பசுங்கணிகக் கதையின் இன்னொரு பக்கம். நடு நரம்புக்கு இணையாக, பென்சிலால் இழுத்த அளவுக்கு மெல்லிய, நேரான வெள்ளைக் கோடு என்றால் அது பெரும்பாலும் இலைச் சுடல் நோய். அதை உண்டாக்குவது சாந்தோமோனாஸ் அல்பிலினியன்ஸ். அது சைலத்தில் இருந்துகொண்டு அல்பிசிடின் என்ற நச்சை விடுகிறது. பசுங்கணிகத்தின் டிஎன்ஏவை முறுக்கி அவிழ்க்கும் கைரேஸ் நொதியை அந்த நச்சு முடக்குவதால் அங்கே பச்சையமே உருவாகாமல் கோடு வெளுக்கிறது. கைரேஸ் பாக்டீரியாக்களின் நொதி. செடியிடம் அது இருப்பதே பசுங்கணிகத்தின் பழைய பூர்வீகத்தால்தான். இந்தக் கிருமி கரும்பை வெட்டும் கத்தியாலும் கரணையாலும் பரவும், பொம்தாமூருக்கு வராது. பக்கத்துக்காரர் அந்தக் கரும்பிலிருந்து கரணை எடுக்காமல் இருந்தால் போதும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஓடும் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பிறகு 50 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் வைக்க வேண்டும்.  வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் கிருமி தப்பும், ஓரிரண்டு டிகிரி கூடினால் மொட்டு சாகும்; வீட்டு அண்டாவில் செய்யும் வேலை இல்லை, ரெதுயில் இருக்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையமான எம்.எஸ்.ஐ.ஆர்.ஐ. போன்ற இடத்தில் கேட்டுச் செய்ய வேண்டும்.

செல்லுக்குள் வைரஸ், செல்லுக்கு வெளியே பாக்டீரியா என்ற கோட்டுக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு, இங்கே எலுமிச்சை, ஆரஞ்சு வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பசுமையாக்கும் நோயை உண்டாக்கும் லிபெரிபாக்டர், பாக்டீரியாதான். ஆனால் உயிருள்ள புளோயம் குழாய்ச் செல்லுக்குள்ளேயே வாழ்கிறது. சாறு உறிஞ்சும் சிலிட் பூச்சி அதை நேராக உள்ளே இறக்கிவிடுவதால் சுவரைத் துளைக்கும் கருவி அதற்குத் தேவையில்லை. மருந்தைப் பொறுத்தவரை அதன் நடத்தை வைரஸைப் போலத்தான்: கட்டுப்படுத்த வேண்டியது பூச்சியை. தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவியின் உதவியால் ரீயூனியனில் ஆப்பிரிக்கச் சிலிட்டை அடக்கினார்கள்.

உங்கள் தாழ்ந்த மூலைக்கு என்ன செய்வது? வாடிய செடியை வேரோடும், சுற்றிலும் ஒரு சாண் மண்ணோடும் தோண்டி, சாக்கில் போட்டு, இழுக்காமல் தூக்கி வெளியேற்றுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். அந்த மூலையிலிருந்து மற்றப் பாத்திக்குத் தண்ணீர் ஓடாதபடி வரப்பு வெட்டுங்கள். வாய்க்கால் பாசனத்தில் ஒரு மூலை நோய் ஒரு மழைக்காலத்தில் வயல் முழுக்கப் போய்விடும். அங்கே வேலை செய்வதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கத்தி, மண்வெட்டியை முதலில் மண் போகக் கழுவி, வீட்டு ப்ளீச்சை ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் நனையுங்கள். மண் ஒட்டிய இரும்பை நேரே ப்ளீச்சில் முக்கினால் அழுக்கே அதன் சக்தியைத் தின்றுவிடும். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். அடுத்த பயிராகக் கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம். மூன்றும் இதே பாக்டீரியாவுக்கு உணவு. மக்காச்சோளம், வெங்காயம், கரும்பு போடலாம். ஆனால் மணத்தக்காளிக் களை நின்றால் பயிர்ச்சுழற்சி வீண். கிருமி மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், ஆகவே ஒரு போகம் மாற்றிவிட்டுத் திரும்பி வந்தால் நோயும் திரும்பி வரும்.

அந்த மூலையில் பொம்தாமூர்தான் வேண்டுமென்றால் ஒட்டுச்செடி ஒன்றே நம்பத்தகுந்த வழி. வேர்ச்செடியாக ஹவாய் 7996 தக்காளி, அல்லது இஜி203 போன்ற வாடல் தாங்கும் கத்திரி. ஹவாய் 7996-இன் வேரிலும் பாக்டீரியா நுழையும். ஆனால் சைலத்தைச் சுற்றியுள்ள செல் சுவர்களில் லிக்னின், சூபரின் என்ற கெட்டிப் பொருள்கள் படிந்து அதைச் சில குழாய்களோடு அடைத்துவைக்கும், பக்கவாட்டில் பரவ விடாது. கத்திரி மெதுவாக வளரும் என்பதால் தக்காளி விதைக்குச் சில நாள் முன்பே ஊன்றுங்கள். இரண்டின் தண்டும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றாக வர வேண்டும். புதுப் பிளேடால் இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டி, சிலிகான் கிளிப்பால் சேர்த்து, காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்குக் குறையாத நிழல் கூடாரத்தில் 25 முதல் 30 டிகிரியில் வையுங்கள். முதல் மூன்று நாள் வெளிச்சம் மிகக் குறைவாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பழக்கி, பத்து நாள் வாக்கில் எடுக்கலாம். வெட்டு விழுந்த இரு பக்கச் செல்களும் பெருகிக் கலந்து, அவற்றிடையே புதுச் சைலம் இணையும்வரை மேல்செடிக்குத் தண்ணீர் வர வழியில்லை. ஒட்டு தோற்பதில் பெரும்பங்கு இந்த நாள்களில் ஈரம் குறைவதால்தான்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு நான்கு விரலாவது மேலே நிற்கட்டும். தக்காளித் தண்டை ஆழப் புதைக்கும் நம் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்; மேல்செடியிலிருந்து ஒரே ஒரு வேர் மண்ணைத் தொட்டாலும் பாக்டீரியா அதன் வழியே ஏறி, கீழே இருக்கும் நல்ல வேரை அர்த்தமற்றதாக்கிவிடும். வாரம் ஒருமுறை ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியின் துளிரையும், மேலே வரும் வேர் முனையையும் கிள்ளுங்கள். மேல்செடி டிஒய்-1 உள்ள ரகமாக இருக்கட்டும், ஏனென்றால் கத்திரி வேர் வெள்ளை ஈயிடமிருந்து எதையும் காப்பாற்றாது. நட்டபின் ஒரு செடி வாடினால், பிடுங்குவதற்கு முன் ஒட்டுக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு வெட்டி இரண்டையும் தனித்தனிக் கிளாஸில் தொங்கவிடுங்கள். மேல்துண்டில் மட்டும் நூல் இறங்கினால் மேல்செடி வேர் விட்டிருக்கிறது என்று சந்தேகித்து மண்ணோடு சேரும் இடத்தைத் தேடுங்கள்; இரண்டிலும் இறங்கினால் வேர்ச்செடியே இந்த மண்ணின் கிருமிக்குத் தோற்றிருக்கிறது, அந்தத் தண்டை ஈரத்துணியில் சுற்றி அன்றே ஃபாரெய் என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விரிவாக்க அலுவலகத்தில் கொடுத்து எந்த வகை ரால்ஸ்டோனியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.